காவலனும் அறியாத சொல்

நோர்வே நாட்டின் மேற்குக் கரையோரத்திலே ஈவார் ஓசன் என்னும் மொழியறிஞர் பிறந்த பண்ணை இருக்கின்றது. 1813 ஆம் ஆண்டில் உழவர் குடியொன்றிற் பிறந்து, நாடெங்கும் நடந்து திரிந்து, நாட்டுப்புற மக்களின் பேச்சு வழக்குகளைத் திரட்டி, அவற்றை அடிப்படையாகக் கொண்டு தம் நாட்டவர்க்கு ஓர் எழுத்து மொழியை ஆக்கித் தந்த பெரியார் அவர். அவர் பெயரால் 2000 ஆம் ஆண்டில் அப்பண்ணையிலே ஒரு பண்பாட்டு நிலையம் திறக்கப்பட்டது. ஓசனுடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பதிப்பித்த பேராசிரியர் றெய்டார் யூப்பெடால் என்பார் தம் வாழ்நாளிற் சேர்த்த பெருந்தொகையான நூல்கள் அந்நிலையத்தின் உடைமையாயின. நூல்கள் கிடைத்தன, அவற்றின் பட்டியலோ கணினியிலே பூட்டப்பட்டுக் கிடந்தது. பதினோராயிரம் அளவிலான தலைப்புகளைக் கொண்ட அப்பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல், அதனை அறிந்தவர் மறைந்தபொழுது அவரோடு மறைந்துவிட்டது.

2002 ஆம் ஆண்டிலே நிலையத்தார் துணிந்து ஒரு காரியஞ் செய்தனர். பூட்டுடைக்க வல்லவர் எவரேனும் உளரேல் வந்து உதவுக என உலகறிய வேண்டுகோள் விடுத்தனர். நாட்கணக்கிற் காத்திருக்க நேரவில்லை. சில மணி நேரத்துள் விடை வந்தது. சுவீடன் நாட்டு நிரலாளர் ஒருவர் கண்டறிந்த அச்சொல், பேராசிரியரின் குடும்பப் பெயரைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதியதேயன்றி வேறொன்றுமில்லை.

நேயர்களே, இக்கதையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உளர். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவேன். அதற்கு முன்னர், கணினிக்குக் கடவுச்சொல் வந்த வரலாற்றையும், மறந்த சொல்லை மீட்பதற்கு மனிதர் பட்ட பாட்டையும் ஓரளவு நோக்குவோம்.

கடவு என்பது வழி. புகையிரதக் கடவை என்கின்றோம், கடவுச்சீட்டு என்கின்றோம். காவலைக் கடந்து செல்வதற்குரிய சொல் கடவுச்சொல். அது பழைய பொருள். உரோமப் படைகளின் வழக்கத்தைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் விரிவாக எழுதிவைத்திருக்கின்றார். பொழுது சாயும் வேளையில் அன்றிரவுக்குரிய சொல் ஒரு சிறு மரப்பலகையில் எழுதப்பட்டு, அணிக்கு அணி கைமாறி, இருள் சூழுமுன் படைத்தலைவனிடம் மீண்டு வரவேண்டும். ஏதேனும் ஒரு பலகை திரும்பாவிடின் எவ்விடத்தில் அது தங்கியது என்பதை அடையாளத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவர். இம்முறையிலே ஒரு சிறப்புண்டு. சொல்லை மறந்தவன் பக்கத்துக் கூடாரத்தவனைக் கேட்டுக்கொள்ளலாம்; எவ்வாறாயினும் மறுநாள் புதுச்சொல் வந்துவிடும். வாயிலில் நிற்கும் காவலனும் அச்சொல்லை அறிவான். அறிந்தமையாலேதான் வருபவன் கூறுவது சரியோ பிழையோ எனத் தீர்ப்பளிக்க அவனால் இயலும். காவலன் தானே அறியாத ஒரு சொல்லைக் கொண்டு வாயிலைக் காக்கலாம் என அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

கணினியின் கதை 1961 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே தொடங்குகின்றது. அதுவரை கணினியிடம் வேலை கொள்வோர் தம் வினாக்களைத் துளையிட்ட அட்டைகளிற் பதித்து, இயக்குபவர் கையிற் கொடுத்துவிட்டு, மணிக்கணக்காகவும் சிலவேளை மறுநாள் வரையும் விடைக்காகக் காத்திருப்பர். ஒரு குற்றெழுத்து தவறினாலும் மீண்டும் அதே காத்திருப்பு. இதனைக் கண்டு மனம் சலித்த பெர்னாண்டோ கோர்பற்றோ என்பாரும் அவர்தம் தோழரும், ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையை ஆக்கி, அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே செய்துகாட்டினர். ஒவ்வொருவருக்கும் தட்டச்சுப் பொறி போன்றதொரு முனையம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுத்த நேரம். பலர் கூடிப் புழங்கும் வீட்டில் அலுமாரிக்குத் திறப்பு வேண்டியிருப்பது இயல்பன்றோ? அத்திறப்பே கணினிக் கடவுச்சொல். பகைவரைத் தடுப்பதற்காக அன்று. சகபாடிகளிடமிருந்து ஒருவர்க்கொருவர் மறைப்புத் தருவதற்காகவே அது பிறந்தது.

பிறந்த மறு ஆண்டே அது தோற்றது. அலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் அளிக்கப்பட்டிருந்தது. அவர் எழுதிய போலச்செய்யும் நிரலுக்கு அது போதவில்லை. எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கேட்கலாம் என்பதை அறிந்த அவர், வெள்ளிக்கிழமை மாலை பிந்திய வேளையிலே கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடும்படி கேட்டு ஓர் அட்டையை இட்டார். சனிக்கிழமை காலை வழமையான இடத்திலே எல்லோருடைய சொற்களும் அச்சாகி அவருக்காகக் காத்திருந்தன. பல ஆண்டுகள் சென்றபின்னரே இதனை அவர் வெளியிட்டார். நான் ஆசிரியன், களவை மெச்சலாகாது. ஆயினும் படிப்புக்கு நேரம் போதாமையாற் செய்த களவு என்பதனால் என் கோபம் பாதியிலே நின்றுவிடுகின்றது.

அறுபதுகளின் நடுப்பகுதியிலே அதே நிறுவனத்தில் இன்னொன்று நிகழ்ந்தது. உள்நுழைவோர் அனைவருக்கும் அன்றன்று ஓர் அறிவித்தல் அச்சாகும். நிருவாகிகளுள் ஒருவர் அவ்வறிவித்தலைத் திருத்திக்கொண்டிருந்த அதே வேளையில் மற்றொருவர் கடவுச்சொற் கோப்பைத் திருத்தினார். திருத்தும் நிரல் இருவர் வேலைக்கும் ஒரே பெயருடைய தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்தியமையால் இரண்டும் இடம்மாறின. அதன்பின் உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவித்தலுக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. 1990 ஆம் ஆண்டின் தூரிங் பரிசை ஏற்றபொழுது ஆற்றிய உரையிலே கோர்பற்றோ இதனை ஒளிவின்றி எடுத்துக் கூறினார். தமது பொறியின் குற்றத்தைத் தாமே சபையிற் சொல்வதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் மூலகாரணம் ஒன்றே. உரோமக் காவலனைப் போலக் கணினியும் சொல்லை அறிந்திருந்தது. அறிந்ததை ஓரிடத்தில் எழுதியும் வைத்திருந்தது. எழுதியது என்றோ ஒருநாள் வெளிப்படத்தானே செய்யும்?

இதற்கு மருந்து கண்டவர் இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோஜர் நீடம். அங்கே தைற்றன் என்னும் கணினியிலும் நேரப் பகிர்வு முறை நடைபெற்றது. தம் நண்பர் மைக் கை என்பாரோடு உரையாடிக்கொண்டிருந்தபொழுது உதித்த எண்ணம் அது என்பர். 1968 இல் மொறிஸ் வில்க்ஸ் எழுதிய நேரப் பகிர்வுக் கணினிகள் பற்றிய நூலிலே அம்முறை விளக்கப்பட்டது. நம் வீட்டுத் திரிகையைக் கொண்டு அதனை விளக்கலாம். உழுந்தைத் திரித்து மாவாக்கலாம். மாவை மீண்டும் உழுந்தாக்க எவராலும் இயலாது. கணினி கடவுச்சொல்லை வைத்திராமல், அதனைத் திரித்த மாவை மட்டும் வைத்திருக்கும். வருபவர் சொல்லைக் கூறியதும் அதனையும் அவ்வாறே திரித்து, முன்னைய மாவோடு ஒத்திருக்கின்றதா எனப் பார்க்கும். ஒத்திருந்தால் வாயில் திறக்கும். கோப்பைத் திருடுபவனுக்கு மாவுதான் கிட்டும். காவலனும் அறியாத சொல் இவ்வாறு உலகுக்கு வந்தது.

இதிலே ஒரு விளைவு உண்டு. அதனைப் பலர் உணர்வதில்லை. சொல்லை மறந்தவர் நிருவாகியிடம் சென்று, "ஐயா, என் சொல் யாது?" எனக் கேட்டால் அவராலும் கூற முடியாது. அவர் செய்யக்கூடியது பழைய மாவைக் கொட்டிவிட்டுப் புதுச் சொல்லைத் திரித்து வைப்பது மட்டுமே. ஆகவே மறந்த சொல்லை மீட்டல் வேறு, பூட்டை மாற்றுதல் வேறு. இவ்வேறுபாட்டை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையை ஆக்கிய அறிஞர்கள் இம்முறையையே மேற்கொண்டனர். அவர்களுள் றொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவர் 1979 நவம்பரிலே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மாவை உழுந்தாக்க முடியாவிடினும், உலகிலுள்ள உழுந்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரித்து ஒப்புநோக்கலாமன்றோ? அவர்கள் அதனைச் செய்துபார்த்தனர். மக்கள் தெரிந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களைத் திரட்டினர். அவற்றுள் 15 ஒற்றை எழுத்தாலானவை! குறுகிய சொற்களும், அகராதியிலும் பெயர்ப்பட்டியல்களிலும் உள்ள சொற்களுமாக 2,831, அஃதாவது நூற்றுக்கு 86, எளிதிற் கண்டுபிடிக்கத்தக்கனவாய் இருந்தன.

ஆகவே திரிக்கும்பொழுது சிறிது உப்பும் சேர்த்தனர். இஃது என் உவமையன்று. அத்துறையில் அதன் பெயரே உப்புத்தான். ஒவ்வொருவர் சொல்லோடும் 4,096 வகையுள் ஏதேனும் ஒன்றான ஒரு சிற்றெண்ணைக் கலந்து திரித்தால், இருவர் ஒரே சொல்லைத் தெரிந்தெடுத்திருப்பினும் மாவு வேறுபடும். முன்கூட்டியே எல்லாச் சொற்களையும் திரித்து வைத்துக்கொண்டு வருபவன் ஒவ்வோர் உப்புக்கும் ஒரு மூட்டை சுமக்க வேண்டும். மேலும் ஒரு முறை திரிப்பதற்குப் பதிலாக 25 முறை திரித்து, எண்ணிப் பார்ப்பவனின் கையை ஓயச் செய்தனர்.

அவ்வறிஞர்கள் தாம் வைத்திருந்த சொற்கள் எத்தகையன? இதற்கான விடை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது. பழைய யூனிக்ஸ் நிரல்களைப் பேணிவரும் ஆர்வலர்கள், எழுபதுகளின் இறுதிக்காலத் தொகுப்பொன்றிலே அப்பெரியோரின் திரித்த கடவுச்சொற்கள் அப்படியே இருக்கக் கண்டனர். இக்காலக் கணினியின் வேகத்துக்கு அவற்றுட் பல நின்றுபிடிக்கவில்லை. டெனிஸ் றிற்சி தம் பெயரின் முதலெழுத்தையும் நடுப்பெயரின் தொடக்கத்தையும் சேர்த்திருந்தார். ஸ்ரீவன் போண் தம் பெயரையே சிற்றெழுத்தில் இட்டிருந்தார். பிறையன் கேணிகன் விசைப்பலகையிலே அருகருகே உள்ள மூன்று குறிகளை இருமுறை தட்டியிருந்தார். பிறருக்கு உபதேசித்தவர்களே இப்படி என்றால் நூற்றுக்கு 86 என்ற கணக்கில் வியப்பென்ன?

தொம்சனுடைய சொல் மட்டும் விளங்காது நின்றது. 2019 ஒக்ரோபரிலே அவுஸ்திரேலியர் ஒருவர், திரையிற் படங்காட்டுவதற்கென அமைந்த விரைவுச் சில்லொன்றை நான்கு நாட்களுக்கு மேல் இடைவிடாது ஓடவிட்டு, அதனையும் கண்டறிந்தார். அது சதுரங்க விளையாட்டின் பழைய குறியீட்டிலே எழுதப்பட்ட ஒரு நகர்வு: அரசிக்கு முன்னிற்கும் காலாளை இரண்டு கட்டம் முன்னே நகர்த்தும் தொடக்க ஆட்டம். தொம்சன் சதுரங்கப் பித்தர். அவர் தோழரோடு ஆக்கிய பெல் என்னும் சதுரங்கப் பொறி 1980 இல் கணினிகளுக்கான உலகப் போட்டியிலே வெற்றி வாகை சூடியது. செய்தி கேட்ட அவர் கண்டுபிடித்தவரை வாழ்த்தினார் என்பதை அறிய மனம் மகிழ்கின்றது.

வீடுதோறும் கணினி வந்தபின் நிலைமை மாறியது. பெல் ஆய்வுகூடத்தில் மறந்தவருக்கு நிருவாகி இருந்தார். தன் வீட்டு மேசைக் கணினியின் சொல்லை மறந்தவருக்கு நிருவாகியும் அவரே. விண்டோஸ் கணினிகளைப் பொறுத்தவரை 1997 முதல் நோர்வே நாட்டவர் ஒருவர் ஆக்கிய சிறு நிரலொன்று பலருக்குக் கைகொடுத்தது. நெகிழ்வட்டு ஒன்றிலிருந்து கணினியைத் தொடக்கி, விண்டோஸ் உறங்கிக் கிடக்கும்பொழுதே அதன் கோப்பினுள் புகுந்து, பழைய மாவை அழித்துவிடலாம். இது பூட்டை மாற்றும் வகை. சொல்லையே மீட்கும் வகைக்கு வழிகோலியவர் சுவிற்சலாந்தின் லோசான் நகரிலே ஆய்வு செய்த பிலிப் ஒக்ஸ்லின். எண்ணும் எழுத்துமாக அமைந்த விண்டோஸ் கடவுச்சொற்களுள் நூற்றுக்கு 99.9 ஐச் சராசரி 13.6 செக்கனிற் கண்டுபிடிக்கலாம் என அவர் 2003 இல் நிறுவினார். இஃது எவ்வாறு இயன்றது? விண்டோஸ் பழைய முறையொன்றைக் கைவிடாது வைத்திருந்தது. அது சொல்லை ஏழேழு எழுத்தாக இரண்டாகப் பிளந்து, சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்கித் திரித்தது. அன்றியும் அதிலே உப்பில்லை! 1979 இல் இருவர் எழுதிவைத்த பாடத்தை இத்துணைப் பெரிய நிறுவனம் படியாது விட்டது வியப்பே. 2007 இல் வெளிவந்த விஸ்ரா முதலே அப்பழைய மாவைச் சேமிக்கும் வழக்கம் நீங்கியது.

மறதிக்கு மனிதனை மட்டும் நோவதும் நியாயமன்று. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்திலே பில் பேர் என்பார் 2003 இல் எழுதிய வழிகாட்டலைப் பின்பற்றி, குறியும் எண்ணும் கலந்து வை, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்று என உலகெங்கும் விதித்தனர். மக்கள் மறந்தனர், அல்லது பழைய சொல்லின் ஈற்றில் ஓர் எண்ணைக் கூட்டி ஒப்பேற்றினர். 2017 இல் அந்நிறுவனமே அவ்விதிகளைத் தளர்த்தியது. எழுதியவரும் தாம் எழுதியதற்கு வருந்துவதாகப் பத்திரிகையொன்றுக்குக் கூறினார். மறந்தவர்களுக்கென ஏற்படுத்திய இரகசிய வினாக்களும் அவ்வளவிலேயே நின்றன. தாயின் விவாகத்துக்கு முந்திய குடும்பப் பெயர் யாது என்பது அவற்றுள் ஒன்று. தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்கு அவ்வினாவே பொருந்தாது; நம்மவர் அதற்கு எழுதும் விடை பாட்டனார் பெயராகவோ வேறெதுவாகவோ இருக்கும். பின்னர் அதனையும் மறப்பர்.

இனி, யூப்பெடாலின் கதைக்கு நான் ஏன் சிரிப்பதில்லை என்பதைக் கூறுகின்றேன்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபொழுது, நான் பின்னர் கடமையாற்றிய பாடசாலையின் சேர்வு இடாப்புகளும் அழிந்துபோயின. தலைமுறைகளின் பெயர்கள் அவற்றோடு போயின. பிறப்புப் பத்திரத்தைப் பறிகொடுத்தவனுக்கும், வெளிநாட்டில் நின்று படிப்புச் சான்று கேட்பவனுக்கும் பாடசாலையால் ஒன்றும் கொடுக்க இயலவில்லை. எங்கள் கணித ஆசிரியர் ஒருவர், தாமும் அப்பாடசாலையின் பழைய மாணவர், 2003 இல் கிடைத்த கணினியொன்றில் அவ்விடாப்பை மீண்டும் ஆக்கத் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பழைய விடுகைப் பத்திரங்களையும் தேர்ச்சி அறிக்கைகளையும் பார்த்து, பெயர், பிறந்த திகதி, சேர்விலக்கம் என ஒவ்வொன்றாகப் பதிந்தார். அது பலர்தம் விவரம் ஆகையால், விண்டோஸ் எக்ஸ்.பி. யிலே உள்ள மறைகுறி வசதியைக் கொண்டு அக்கோப்புறையைப் பூட்டியும் வைத்தார். 2008 இல் ஒருநாள் மாரடைப்பால் இறந்தார். அவர் மனைவியாரையும் பிள்ளைகளையும் கேட்டோம். அவர்கள் அறியார். நான் அப்பொழுது உதவி அதிபர். பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், ஊர்க் கோயிற் பெயர் எனத் தெரிந்ததெல்லாம் தட்டிப் பார்த்தோம்.

கணினி திருத்தும் கடைக்காரர் ஒருவர் பத்து நிமிடத்திற் சொல்லை மாற்றித் தருவதாகக் கூறினார். நாளை கொண்டு வருகின்றோம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அன்று மாலை தற்செயலாகப் பாடசாலைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், பல்கலைக்கழகத்திலே கணினி படித்துக்கொண்டிருந்தவர், "சேர், சொல்லை மாற்றவே வேண்டாம்" எனத் தடுத்தார். வெளியிலிருந்து சொல்லை மாற்றினால் கணினி திறக்குமாம். மறைகுறியிட்ட கோப்புறையோ பழைய சொல்லோடு பிணைக்கப்பட்டது, அது பின்னர் திறவாதாம். முன்னர் நான் நினைவில் வைத்திருக்க வேண்டிய வேறுபாடு அன்றுதான் எனக்கு விளங்கியது. பூட்டை மாற்றியிருந்தால் ஐந்தாண்டு உழைப்பையும் அவரோடு புதைத்திருப்பேன்.

அவர் ஒக்ஸ்லின் முறையில் அமைந்த இறுவட்டொன்றைக் கொண்டுவந்து இட்டார். அதிபர் அறையில் மண்ணெண்ணெய் விளக்கையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, மின்சாரம் தடைப்படலாகாதே என்ற ஏக்கத்தோடு நால்வர் இருந்தோம். எங்கள் நற்பேறு, அக்கணினி உப்பில்லாத பழைய மாவையே வைத்திருந்தது. இரவு எட்டு மணியளவில் திரையிலே சொல் தோன்றியது. பாடசாலைப் பெயரின் முதலெழுத்துகள் மூன்று. அவற்றைத் தொடர்ந்து நான்கு இலக்கங்கள். இலக்கங்கள் எதனைக் குறிப்பன என்று எவருக்கும் தெரியவில்லை. கோப்புறை திறந்தபின் அவ்விலக்கத்தை இடாப்பிலே தேடினோம். அது அவரது சேர்விலக்கம்; முதன்முதலாக அவர் பதிந்த வரியும் அதுவே.

அந்த இடாப்பின் அச்சுப்பிரதிகள் இரண்டை மறு வாரமே கட்டுவித்தோம். நான் இப்பொழுது அதிபராக இருக்கும் பாடசாலையிலே, அலுவலகக் கணினியின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை பதித்து, நானும் பிரதி அதிபரும் கையொப்பமிட்டு இரும்புப் பெட்டகத்தில் வைத்திருக்கின்றோம். இடமாற்றம் பெற்றுச் செல்பவர் திறப்புக் கோவையை ஒப்படைக்கும்பொழுது அவ்வுறையையும் எண்ணிக் காட்டி ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சொல்லை எங்கும் எழுதி வைத்தலாகாது என இளம் ஆசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார். அவர் கூறியது நூல்நெறிப்படி சரியே. உறை பெட்டகத்திலேயே இருக்கின்றது.